கண்ணை விட்டுத் தோலை உரிக்கலாமா?

(அணைக்கட்டில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று இங்கு என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் பிள்ளைகளின் ஆட்டமும் படிப்பும் என்பதாகும். இதை நோட்டீசில் பார்த்த பெரியவர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஏம்ப்பா, நாட்டிலே வேற சங்கதியே இல்லையா? பிள்ளைங்க விளையாடறதுக்குக்கூட மைக்கு வச்சு ஒரு பிரசங்கமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. விளையாட்டு என்றால் வீண் என்றுதான் நாம் பழகிப்போயிருக்கிறோம். "விளையாட்டுத்தனம்" என்கிற வார்த்தையையே திட்டுவதற்காகத்தானே வைத்திருக்கிறோம்! ஆனால் அதே பெரியவர் ஐந்து நிமிஷம் கழித்து, தம்முடைய பேரன் எட்டாவது படிக்கிறான், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண்ணாடியும் போட்டாய்விட்டது என்று சொல்லி வருத்தப்பட்டார். "நான் பேச வந்த விஷயமே அதுதான் ஐயா, கூட்டத்துக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்திருப்பார் என்று நம்புகிறேன்.

தோழர்களே! பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற தகப்பன் உபாத்தியாயரிடம் சொல்லுகிற ஒரு வாசகம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்" என்பதுதான் அது. வேறு ஊர்க்காரன் இதைச் சொன்னால் அர்த்தம் தெரியாமல் சொல்லுகிறான் என்று விட்டுவிடலாம். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் ஷாப்புகளில் தலைமுறை தலைமுறையாய் வேலை செய்து பிழைக்கிற நாம் சொல்லலாமா? தோலை எதிலிருந்து உரிக்கிறார்கள்? செத்ததிலிருந்து உரிக்கிறார்கள். உரித்த தோலைச் சுண்ணாம்புக் குழியில் போட்டு, மயிரை நீக்கி, ஒட்டியிருக்கிற சதையைச் சுரண்டி, ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ ஊறவைத்து, இழுத்துக் கட்டிக் காயவைக்கிறோம். எதற்காக? அது இனிமேல் அழுகக்கூடாது, சுருங்கக்கூடாது, இழுத்துக் கட்டிய அளவிலேயே நிற்கவேண்டும் என்பதற்காக. செருப்புக்கு அது சரி. பிள்ளைக்குச் சரியா என்பதுதான் என் கேள்வி.

இந்த வாசகம் நமக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அங்கே கோதண்டம் போடுவது என்று ஒரு தண்டனை. மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு பிள்ளை தொங்கவேண்டும். பாடம் ஒப்பிக்கத் தவறினால் தொங்கு, அசைந்தால் தொங்கு. பிள்ளையின் தேகத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே உபயோகம் அடி வாங்குவதுதான். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகப் பண்ணுவதையும் தடைசெய்துவிட்டது. கயிறு போயிற்று, பிரம்பும் பெரும்பாலும் போயிற்று. ஆனால் "அசையாதே" என்பது மாத்திரம் போகவில்லை. இன்றைக்கும் நல்ல வகுப்பு என்றால் என்ன? ஊசி விழுந்தால் சத்தம் கேட்கவேண்டும்! நாற்பது உயிருள்ள பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஊசி விழுந்த சத்தம் கேட்டால், அங்கே ஏதோ கோளாறு என்றல்லவா நாம் நினைக்கவேண்டும்?

இதற்குள் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. நம் நாட்டில் உடம்பை அசைத்து வேலை செய்கிறவன் கீழ்ஜாதி. உட்கார்ந்த இடத்தில் இருந்து ஓதுகிறவன் மேல்ஜாதி. தோலைத் தொட்டவன் தீண்டத்தகாதவன். அந்தத் தோலில் செய்த மிருதங்கத்தைத் தட்டுகிறவன் வித்துவான். ஆயிரக்கணக்கான வருஷங்களாக இதைப் பார்த்துப் பார்த்து, அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் படிப்பு, படிப்புதான் மேன்மை என்று நம் ஜனங்களும் நம்பிவிட்டார்கள். அதனால் நம் வீட்டுப் பிள்ளை முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும், அவன் ஓடினால் நமக்குப் பயம் வருகிறது. ஓடுகிறவன் மறுபடியும் மாடு மேய்க்கப் போய்விடுவானோ, தோல் ஷாப்புக்கே திரும்பி விடுவானோ என்கிற பயம். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. என் தகப்பனாருக்கும் அது இருந்தது.

நான் எப்படிப் படித்தவன் என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. வாசகசாலையில் கற்றதுதான் அதிகம். சிறு வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடிக்குக் கட்டுப் போடுவேன். அம்மா மடியில் முறத்தை வைத்து, இலையில் தூளைப் போட்டுச் சுற்றித் தள்ளுவார். நான் நுனியை மடித்து நூல் கட்டவேண்டும். விளக்கு வைத்து நெடுநேரம் வரையில் அதுதான் வேலை. எழுந்திருக்கும்போது கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன். பகலில் பள்ளிக்கூடத்தில் அசையக்கூடாது. சாயங்காலம் வீட்டில் அசையக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வரையில் இருந்த ஒன்றரை மைல்தான் என்னுடைய பால்யம். அந்த ஒன்றரை மைலையும் நான் ஒரு நாளும் நடந்து வந்ததில்லை, ஓடித்தான் வந்திருக்கிறேன்.

என் பாடாவது தேவலை; நான் என் வீட்டில் இருந்தேன். முன்பணத்துக்காகப் பீடிக்காரரிடம் அடகு வைக்கப்பட்ட பிள்ளைகள் இந்த வடஆற்காட்டில் எத்தனை பேர்! 1976-இலேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு இருபது வருஷம் கழித்து, 1996-இல், ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்கிற அமெரிக்க ஸ்தாபனத்தார் இந்தியாவின் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அதில் நம் ஜில்லாப் பீடிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பீடி சுற்றுகிற பிள்ளை தலை நிமிரக்கூடாது என்பதற்காக, அதன் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைச் சொருகிவைக்கிற வழக்கத்தையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். தலை நிமிர்ந்தால் பெட்டி விழும். பெட்டி விழுந்தால் அடி விழும். தோழர்களே, இந்தத் தீப்பெட்டியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பாதிக்கிறதற்காக ஒரு பிள்ளையை அசையாமல் உட்காரவைத்தால் அதைக் கொடுமை என்கிறோம். மார்க்கு வாங்குகிறதற்காக அதே பிள்ளையை அதே மாதிரி உட்காரவைத்தால் அதை ஒழுக்கம் என்கிறோம். இரண்டும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு நாளைக்கு ஒரு வழி திறக்கும். பீடிக்கு உட்கார்ந்த பிள்ளைக்குத் திறக்காது. ஆனால் கழுத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

நம் ஜில்லாவில் அப்படி மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சர்க்கார் தனிப் பள்ளிக்கூடங்கள் நடத்திற்று. பத்து வயசு வரை பீடி சுற்றிய பிள்ளையைக் கொண்டுவந்து, முதல் வகுப்புப் பெஞ்சியில் உட்காரவைத்து "அ, ஆ" சொல் என்றால் அது இருக்குமா? ஓடிப்போகும். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன பிள்ளையல்லவா அது? கொத்தடிமையிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அனுபவமும், ஆந்திராவில் ரிஷிவேலியில் நடந்துவந்த அட்டை முறையும் சேர்ந்துதான், 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிக்கூடங்களில் செயல்வழிக் கற்றல் என்பதாக ஆரம்பமாயிற்று. 2007-க்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் சர்க்கார் ஆரம்பப் பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. பெஞ்சி இல்லை. பிள்ளை தானே எழுந்துபோய் அட்டையை எடுக்கும், தரையில் வட்டமாக உட்காரும், தன் உயரத்தில் சுவரில் இருக்கிற கரும்பலகையில் தானே எழுதும். பெற்றோர் என்ன சொன்னார்கள் தெரியுமா? "வாத்தியார் பாடமே நடத்தறதில்லை, பிள்ளைங்க எழுந்து எழுந்து திரியுதுங்க" என்றார்கள்! பிறகு சில வருஷங்களில் பல இடங்களில் அது வெறும் அட்டை எண்ணுகிற வேலையாகத் தேய்ந்துபோனதும் உண்மைதான். ஆனால் தேய்ந்ததற்கு முறை மாத்திரம் காரணமல்ல. அதை ஒரு நாள்கூட நின்று பார்க்காத நாமும் காரணம்.

நிற்க, கைவேலையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயத்தில் நாம் ஏமாந்துபோகக்கூடாது. "பிள்ளைகள் கையால் கற்கவேண்டும் என்கிறீர்களே, அதைத்தானே ஆச்சாரியாரும் சொன்னார்?" என்று சிலர் கேட்கிறார்கள். 1953-இல் இராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாக இருந்தபோது, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் மூன்று மணி நேரம் பள்ளிக்கூடம் போதும், மிச்ச நேரத்தில் அவரவர் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். நாடே கொதித்தது. குலக்கல்வித் திட்டம் என்று பேர் வாங்கிற்று. 1954-இல் காமராஜர் முதல் மந்திரியானதும் அதை எடுத்துவிட்டார். ஏன் எதிர்த்தோம்? கைவேலை இழிவு என்றா எதிர்த்தோம்? இல்லை. சக்கிலியர் பிள்ளை தோலையும், வண்ணார் பிள்ளை வெளுப்பையும், குருக்கள் பிள்ளை மந்திரத்தையும் கற்பதற்குப் பேர் கல்வி அல்ல என்பதற்காக எதிர்த்தோம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று, ஒரே தோல் துண்டை அளந்து, வெட்டி, தைத்து ஒரு பை செய்தால் அது கல்வி. நம் ஜில்லாப் பள்ளிக்கூடங்களில் அந்தப் பாடத்தை வைத்தால் என்ன கெட்டுப்போகும்? கணக்கு இருக்கிறது அதில், ரசாயனம் இருக்கிறது, சித்திரம் இருக்கிறது. ஐயர் வீட்டுப் பிள்ளையும் தோலைத் தொடும். அதனாலேயே இதை ஒருவரும் வைக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கையால் கற்பதைப் பற்றி உலகத்துக்கு அழுத்தமாகச் சொன்னவர் இத்தாலியில் மரியா மாண்டிசோரி என்கிற வைத்தியப் படிப்புப் படித்த அம்மையார். அவர் 1907-இல் ரோமாபுரியில் தம் முதல் பள்ளிக்கூடத்தைத் திறந்தது பணக்காரப் பிள்ளைகளுக்கல்ல. சான் லொரென்சோ என்கிற ஏழைக் குடியிருப்பில், வேலைக்குப் போகிற தாய் தகப்பன்மாருடைய பிள்ளைகளுக்கு. ஆணியடித்த பெஞ்சிகளை எடுத்துவிட்டுப் பிள்ளையே தூக்கக்கூடிய சிறு நாற்காலிகளைப் போட்டார். 1939-இல் அவர் சென்னைக்கே வந்து அடையாற்றில் உபாத்தியாயர்களுக்கு வகுப்பு நடத்தினார். யுத்தம் காரணமாக 1946 வரையில் இந்தியாவிலேயே தங்கவேண்டியதாயிற்று. இன்றைக்கு அவர் பேரைப் போர்டில் எழுதிக்கொண்டு ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள்: மூன்று வயசுக் குழந்தை டை கட்டிக்கொண்டு பெஞ்சியில் கைகட்டி உட்கார்ந்திருக்கும்!

நான் ஐந்தாவது படிக்கும்போது நுங்கு வண்டி செய்து பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். உங்களில் செய்யாதவர்கள் யார்? தின்றுபோட்ட இரண்டு நுங்குக் கூந்தலை ஒரு குச்சியில் குத்தி, கவட்டைக் கம்பு ஒன்றால் தள்ளவேண்டும். குச்சி நடுவில் ஏறாவிட்டால் வண்டி நொண்டும். கூந்தல் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். இதையெல்லாம் மூன்று வண்டி கெடுத்த பிறகுதான் நான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு வகுப்பில் உபாத்தியாயர் கரும்பலகையில் சக்கரமும் அச்சும் என்று படம் போட்டு நடத்திக்கொண்டிருந்தார். என் வண்டியைப் பார்த்ததும் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, சக்கரத்துக்கும் அச்சுக்கும் விளக்கத்தைப் பத்துத் தடவை எழுதச் சொன்னார். எழுதினேன். அந்த விளக்கம் இன்றைக்கு எனக்கு ஞாபகமில்லை. வண்டி ஞாபகம் இருக்கிறது.

இப்படித் தானே யோசித்து ஒன்றைச் செய்வதும் ஆட்டமும் வேறு வேறல்ல. உலகமெல்லாம் ஆடுகிற கூடைப்பந்து எப்படி வந்தது? 1891-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்கிற ஊரில், பனிக்காலத்தில் வெளியே விட முடியாத முரட்டு மாணவர்களை வைத்துக்கொண்டு ஜேம்ஸ் நைஸ்மித் என்கிற தேகப்பயிற்சி உபாத்தியாயர் திண்டாடினார். பீச் பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து மாட்டி, 13 விதிகள் எழுதி ஒட்டினார். நம் சென்னையிலேயே 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் வை.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியை ஆரம்பித்தார். இந்தியாவில் டிரில் மாஸ்டர் என்பவனும் படித்துப் பயின்ற உபாத்தியாயன் என்கிற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது. நூறு வருஷமாயிற்று. இன்னமும் நம் ஊரில் அவருக்கு என்ன வேலை? காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவது, தலைமுடி வெட்டாதவனைப் பிடிப்பது, மந்திரி வந்தால் கயிறு கட்டுவது.

பெரியவரின் பேரனுக்கு வருவோம். கண்ணாடி போட்டது ஜாதக தோஷமல்ல. சீனாவில் குவாங்சோ என்கிற பட்டணத்தில் ஆறு வயசுப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுப் பள்ளிக்கூடங்களில் தினமும் நாற்பது நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வெளியே விட்ட பிரிவில் 100-க்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. விடாத பிரிவில் 100-க்குச் சுமார் 40 பேருக்கு. 2015-இல் இதை வெளியிட்டார்கள். வெளிச்சத்துக்கு வரி இல்லை, தோழர்களே. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் சொன்ன கணக்குப்படி 5 முதல் 17 வயசு வரையில் பிள்ளைகள் தினம் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் ஒரேயடியாக ஆறு மணி நேரம் என்பதல்ல, தினமும். நம் பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு பீரியடு. அதையும் பரீட்சை வந்தால் கணக்கு உபாத்தியாயர் கடன் வாங்கிக்கொள்ளுகிறார். வாங்கின கடனை அவர் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் மெடலுக்காகச் சொல்லவில்லை. வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து போன சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டுகோஸ்டிலும் பளு தூக்கித் தங்கம் வாங்கினார்; சந்தோஷம். ஆனால் ஒருவர் தூக்கினால் ஜில்லாவுக்கே தேகம் வந்துவிடாது. ஓடினால் கடைசியாக வருகிற பிள்ளையைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

தாய்மார்களே! உங்களுக்கென்று ஒரு வார்த்தை. பையனாவது தெருவில் ஓடுகிறான். பெண்ணைப் பன்னிரண்டு வயசில், குச்சுக் கட்டிச் சடங்கு செய்து, அன்றோடு அதன் ஓட்டத்தை நிறுத்திவிடுகிறோம். நேற்று வரையில் நொண்டியும் கில்லியும் ஆடின பெண், இன்றைக்குத் தெருவில் ஓடினால் "அடக்கம் இல்லை". என்ன ஆபத்து வந்தது? ரத்தம் வருவது தேகத்தின் இயல்பு. அதற்கும் ஓடுவதற்கும் பகையில்லை. இந்தப் பெண்தான் நாலைந்து வருஷம் கழித்து விடியற்காலையில் பஸ் ஏறி ஆம்பூர்ப் பக்கத்துச் செருப்புக் கம்பெனிக்குப் போகிறது. நாள் முழுவதும் தையல் மிஷினுக்கு முன்னால் முதுகு வளைத்து உட்காருகிறது. அல்லது ஒரே இடத்தில் நின்று பசை தடவுகிறது. முப்பது வயசில் இடுப்பு வலி என்கிறது. உங்களில் எத்தனை பேர் இப்போது மனதுக்குள் தலையாட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உலகமெல்லாம் ஓடுகிறதற்குச் செருப்புத் தைத்து அனுப்புகிற பெண்களுக்கு, தாங்கள் ஓடினது கடைசியாக என்றைக்கு என்று ஞாபகமிருக்கிறதா?

அப்புறம் ஜாதி. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருவதையும், சத்துணவில் ஒரே பந்தியில் சாப்பிடுவதையும் பற்றி நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். அது சரி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தே ஒருவனை ஒருவன் தொடாமல் பன்னிரண்டு வருஷம் படித்துவிடலாம். சடுகுடு அப்படியல்ல. தொட்டால்தான் ஆட்டம், தொடப் பயந்தவன் தோற்பான். மேலே ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளைக் கீழே "மந்தம்" என்கிறார்கள். வகுப்பில் வாயைத் திறக்காத அந்தப் பிள்ளையை ஒரு நாள் மைதானத்தில் இறக்கிப் பாருங்கள். யார் மந்தம் என்று தெரிந்துபோகும். மலையேறிப் பழகின காலைப் பிடித்து நிறுத்த நாலு பேர் போதாது. அன்றைக்குப் பிறகு அவனை யாரும் பழைய மாதிரி கூப்பிடமாட்டார்கள். அவனும் வகுப்பில் வாயைத் திறப்பான்.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துச் சட்டமே ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும், விளையாட்டுச் சாமான் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரையில் நூறு பிள்ளைக்கு மேலிருந்தால் தேகப்பயிற்சிக்கும் சித்திரத்துக்கும் கைவேலைக்கும் பகுதிநேர உபாத்தியாயர் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-இல் அப்படிப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்டவர்களை நியமித்தார்கள். சம்பளம் எவ்வளவு? அப்போது மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரைநாள். கொத்தனாருக்குச் சித்தாள் போகிறவருக்குக்கூட அதைவிட அதிகம் கிடைத்திருக்கும். ஆடவும் பாடவும் வரையவும் கற்றுக்கொடுக்கிறவனுக்குச் சர்க்கார் வைத்த மதிப்பு அது. சர்க்காரை மாத்திரம் சொல்லி என்ன? மைதானத்தில் வேர்க்கடலை காயவைக்கிறவர்கள் யார்? மூலையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, அடுத்த வருஷம் கூரை போட்டு, அதற்கடுத்த வருஷம் திருவிழா நடத்துகிறவர்கள் யார்? சாமிக்கு ஊரெல்லாம் இடம் இருக்கிறது. பிள்ளைக்கு அந்த ஓர் இடம்தான்.

கடைசியாக ஒரு சில்லறை விஷயம். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு பீரோ இருக்கும். அதில் பந்து, வலை, ஸ்கிப்பிங் கயிறு, வளையம் எல்லாம் புதுசாக இருக்கும். ஆயுத பூஜையன்று பந்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் படைப்பார்கள்; மறுநாள் பூட்டிவிடுவார்கள். காரணம் கேட்டால், தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்லுவது என்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்கள். அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போகும்போது வேறொன்றும் கேட்கவேண்டாம். அந்தப் பீரோவின் சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாக என்றைக்குத் திறந்தது என்று மாத்திரம் கேளுங்கள். பந்து கிழிந்தால் கிழியட்டும், ஊர்ப் பணத்தில் இன்னொன்று வாங்கித் தருகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தோலுக்கா நம் ஊரில் பஞ்சம்?

சந்தேகம் இருக்கிறவர்கள் கேட்கலாம். பெண்கள் முதலில் கேட்கட்டும். அதற்கு முன், இதோ முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் நான் பேச ஆரம்பித்ததிலிருந்து கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். யார் உட்காரச் சொன்னார்களோ தெரியவில்லை. அவர்களை எழுந்து போகவிடுங்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது.